சாவுக்குச் சேர்க்கிற காசை உயிருக்கும் சேர்ப்போம்

(ஓட்டமாவடியில் நடந்த சங்கக் குடும்ப ஒன்றுகூடலில், மகளிர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 1977லும் 1983லும் அடிபட்டு, மலையை விட்டு இறங்கி, இந்த மாவட்டத்தில் குடியேறிய நம் உறவுகளும் இருக்கிறீர்கள். சம்பளம், வீடு, காணி பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் குடும்பம் என்ன செய்வது என்பதைப் பற்றி நான் பேசுகிறேன்.

இந்தப் பேச்சு ஏன் சங்க மேடையில் என்று சிலர் நினைக்கலாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலையும் வெற்றிலை பாக்கும் அதற்கு முக்கிய காரணங்கள். புகையிலை போடாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்துவிட்டது. குளிருக்கும் பசிக்கும் மலையில் நாம் வாயில் போட்டுக்கொள்வது எது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் போங்கள். காசு கேட்க மாட்டார்கள். பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கட்டாயம் போக வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க அங்கே பரிசோதிப்பார்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். நோய் என்று தெரிந்ததும் முதல் வேலையாக நோயாளிக்குச் சொல்லாமல் மறைக்கிறோம். "அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டா" என்கிறோம். தலைமயிர் கொட்டும்போது, மாதத்துக்கு மாதம் ஊசி ஏறும்போது, அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் இரண்டு பக்கமும் நடிக்க வேண்டி வரும். வைத்தியரைக் கேட்டு, நிதானமாக, உண்மையைச் சொல்லுங்கள்.

அடுத்தது தட்டும் கோப்பையும். புற்றுநோய் தொற்று நோய் இல்லை. கதிர் சிகிச்சை மிசினில் படுத்து எழுந்து வருகிறவர் உடம்பிலிருந்து கதிர் வராது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம். சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தால் நோயை விட அது அதிகமாகக் கொல்லும்.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனம் தேவை. மருந்து ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு வந்தால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். இரவானாலும் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பி, ரிப்போர்ட், மருந்துத் துண்டு எல்லாம் ஒரே பையில், ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கட்டும். வலிக்கு வைத்தியர் மோர்பீன் தந்தால் பயந்து ஒளித்து வைக்க வேண்டாம். சொன்ன அளவில் கொடுங்கள். வலியைத் தாங்கிக்கொண்டு கிடப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

மொழிப் பிரச்சினையும் உண்டு. மஹரகம போகும்போது சிங்களம் தெரிந்த ஆள் தேவை என்று பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போகிறோம். தாய்க்கு என்ன நோய் என்ற செய்தியை முதலில் கேட்பது அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் வைக்கலாமா? சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரைச் சங்கம் அனுப்ப வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை என்றால் வாரத்துக்கு 5 நாள், ஆறு வாரம் என்று வைப்போம். 30 நாள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்படி 30 நாளுக்கு 40,500 ரூபா. கூடப் போகிறவருக்கும் பேர் விழாது, ஆகவே 81,000 ரூபா. சிகிச்சை இலவசம்தான். ஆனால் இந்த 81,000 ரூபாவையும், பஸ் காசையும், தங்குகிற காசையும் குடும்பம்தான் கட்டுகிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மருந்தையும் வெளியில் வாங்கச் சொன்னார்கள். பாதியில் சிகிச்சையை விடுகிறவர்களைப் பார்த்து "பயந்துவிட்டார்கள்" என்கிறோம். பலர் பயத்தில் விடுவதில்லை, கையில் காசில்லாமல் விடுகிறார்கள்.

கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ஓட வேண்டாம். பத்து வருடம் சந்தா கட்டி, கணக்கில் மூன்று இலட்சத்துக்கு மேல் உள்ளவர்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை மருத்துவத்துக்கு எடுக்கலாம். எல்லா நோயாளியும் மஹரகம போக வேண்டியதுமில்லை. மட்டக்களப்பு, பதுளை, கண்டி வைத்தியசாலைகளிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. எந்தச் சிகிச்சையைக் கிட்டத்தில் செய்யலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இதற்கு மேல் நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் மரண சகாய சங்கம் உண்டு. ஒருவர் செத்தால் பெட்டி, பந்தல், தேத்தண்ணி எல்லாம் மணிக்கணக்கில் வந்துவிடும். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் அதே மனிதர் உயிரோடு, கிளினிக்குக்குப் போக பஸ் காசில்லாமல் லயத்தில் படுத்திருந்தபோது அந்தச் சங்கம் எங்கே இருந்தது?

சின்னக் காசு பெரிய வேலை செய்யும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மகனின் நோயைக் கண்ட எம்.எஸ்.எச். முகமது என்ற தகப்பன் முன்னின்று கேட்டார். மஹரகமவுக்குப் பெட் ஸ்கேன் மிசின் வாங்க 2016இல் நாட்டு மக்கள் 20 கோடி ரூபாவுக்கு மேல் கொடுத்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் போட்ட காசு அது.

இந்த ஊரில் நின்று இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச் முதல் நாடு முழுவதிலுமிருந்து கொரோனாவில் இறந்தவர்களை இங்கே மஜ்மா நகரில் அடக்கினார்கள். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க விடவில்லையே என்று அந்தக் குடும்பங்கள் பட்ட வேதனையை ஓட்டமாவடி மக்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அன்று தடுத்தது நோயும் சட்டமும். இன்று நம் ஆட்களைத் தடுப்பது ஒரு நாள் சம்பளம். அதை நம்மால் மாற்ற முடியும்.

ஆகவே மகளிர் பிரிவு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, மரண சகாய சங்கங்கள் சந்தாவில் ஒரு பங்கைச் சிகிச்சைப் பயணத்துக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு, நோயாளியோடு வைத்தியசாலை போகும் தொழிலாளியின் பேரை வெட்டக்கூடாது என்ற கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையில் கம்பனிகளிடம் வைக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒருவரையும் சிங்களம் பேசும் ஒருவரையும் நியமிக்க வேண்டும்.

கைதட்டிவிட்டுப் போக வேண்டாம் தோழர்களே. ஊருக்குப் போனதும் உங்கள் லயத்தில் யார் கிளினிக் போகிறார்கள், அடுத்த திகதி எப்போது, கூடப் போவது யார் என்று கேளுங்கள். பெயர் எழுதிக் கமிட்டியிடம் கொடுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.