குழாய்த் தண்ணீரின் விலை

பெங்களூரில் குடியிருக்கும் நாம் காலையில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி நீர். ஆனால் அது இந்நகருக்குத் தானாக வந்து சேர்வதன்று. ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பெற்று, அங்கிருந்தும், பிறகு ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய இடங்களிலிருந்தும் இயந்திரங்களால் உந்தப்பெற்று, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. வாய்க்கால் மடையைத் திறந்து பழகிய குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு, காவிரி மேடேறுகிறது என்பது சற்று விசித்திரமாகவே தோன்றும். அவ்வாறு ஏற்ற நாள்தோறும் மின்சாரம் வேண்டும். அதற்கு மாதந்தோறும் பணம் வேண்டும்.

நேயர்களே, இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பெரிய குழாய்களைப் பதிக்கக் கடன் கிடைத்துவிடுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பெற்ற காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரவல்லது. ஜப்பானியக் கடனுதவி கொண்டு கட்டப்பெற்றது. திறப்பு விழாவுக்கும் குறைவில்லை. ஆனால் இயந்திரங்களை ஓட்டுவதற்கும், ஒழுகும் குழாயை மாற்றுவதற்கும் கடன் தருவோர் அரியர். அச்செலவை நாம் செலுத்தும் கட்டணமே தாங்க வேண்டும். 2014-இல் நிர்ணயித்த கட்டணமோ 2025 ஏப்ரல் வரை மாற்றப்படவில்லை. வீடுகளுக்கு முதல் 8,000 லிட்டர் வரை, ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய்! இடைப்பட்ட ஆண்டுகளில் மின்சாரத்தின் விலையும் ஊழியர் சம்பளமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

இது ஏழைகளுக்குச் செய்த உபகாரம் என்று பலர் கருதினர். கட்டண உயர்வுப் பேச்சு எழுந்தபோதெல்லாம் முகம் சுளித்தவர்களில் நாமும் அடக்கம். ஆனால் குழாயே இல்லாதவனுக்கு மலிவான கட்டணத்தால் என்ன பயன்? 2007-இல் நகரோடு இணைக்கப்பெற்ற 110 கிராமங்களில் பெரும்பகுதிக்குக் காவிரி நெடுங்காலம் எட்டவில்லை. 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றியபோது அப்பகுதி மக்கள் லாரித் தண்ணீரையே நம்பினர். விலை கட்டுக்கடங்காமற் போகவே, மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு விதித்தது: 5 கிலோமீட்டருக்குள் கொண்டுவரும் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். கணக்கிட்டுப் பார்த்தால் ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாய். குழாயுள்ள வீட்டுக்காரர் 7 ரூபாய் கொடுத்த தண்ணீருக்கு, புறநகரில் வாடகைக்கிருந்த கூலிக் குடும்பத்தின் கணக்கில் ஏறியது 100 ரூபாய். மாதம் 50,000 லிட்டருக்கு மேல் செலவழித்த பெரிய வீடுகள்கூட, அந்த மிகுதிக்கு ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய்தான் கொடுத்தன. தோட்டத்துக்குப் பாய்ச்சுவோருக்கு இவ்வளவு சலுகை தேவையா என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

வந்த நீர் வெளியேறவும் வேண்டுமல்லவா? சாக்கடை நீரைச் சுத்திகரிப்பதற்கும் மின்சாரமும் ஆட்களும் வேண்டும். அது சரிவர நடவாததன் பலனை, பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கியும் 2017-இல் தீப்பற்றியும் காட்டியது. சரிவர நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: 2018 முதல் நகரின் சுத்திகரித்த கழிவு நீர் வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாய் வழியே செல்கிறது.

2025 ஏப்ரலில் கட்டணம் உயர்ந்தது. இதைப் பற்றி நம் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் முணுமுணுப்பு எழுந்தால், ஒரு கேள்வியையும் சேர்த்து எழுப்புவோம்: கூடுதலாக வசூலாகும் பணத்தில் எவ்வளவு ஒழுகும் குழாய்களுக்குச் செல்கிறது, எவ்வளவு இன்னும் லாரிக்காகக் காத்திருக்கும் தெருக்களுக்குச் செல்கிறது?