குண்டு என்று சொல்லாதீர், கோப்பையைப் பாருங்கள்



பரிசு நாளில் உடல் பருமனைப் பற்றிப் பேசுவதா என்று நினைக்காதீர்கள். சென்ற ஆண்டு எடை பார்க்கும் நாளில் என் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், வயிறு வலிக்குது" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டான். வலி இல்லை, கூட்டாளிகள் சிரிப்பார்களே என்ற பயம். அவனுக்காகவே இந்தப் பேச்சு.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்றொரு திட்டம் வந்தது. பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பருமன் குறைந்தது உண்மைதான். ஆனால் திட்டத்தின் சுருக்கப் பெயரிலுள்ள மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்! பிள்ளைகள் சும்மா விடுவார்களா? 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவருக்கும் பொதுவான உடல்நலத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

அதற்காக நாம் அசட்டையாக இருக்கலாமா? கூடாது. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு அந்நோய் என்று 2017 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்கிவிடும். ஆகவேதான் உடல் எடைக் குறியீடு 23ஐ எட்டினாலே கவனம் தேவை என்கிறார்கள்.

அந்தப் பையன் வீட்டில் விசாரித்தேன். இரவு ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, "புள்ள ஆசப்படுறானே" என்று தினமும் இனிப்புப் பானம் வாங்கி வருவாராம். பாசம்தான், குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் டின்னில் உள்ள எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் உண்டு. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 10 கிராமைத் தாண்டினால் அது டி. 330 மில்லிலிட்டர் டின் ஒன்றில் அது ஏறக்குறைய ஏழு தேக்கரண்டி!

பெரியவர்களே, காப்பிக்கடையில் 'தே ஓ கொசோங்' கேளுங்கள். முடியாவிட்டால் 'சியூ தாய்' என்றாவது சொல்லுங்கள். வீடு முழுவதும் மாறினால்தான் பிள்ளை மாறும். மாணவர்களே, பருமனான தோழனையும் பந்தாட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு எடை இன்னும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இவ்வாண்டு அவனும் வரிசையில் நின்றான், ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுவே பரிசு.