யானைக்கால் நோயை ஆராய்ந்த ஊர்கள்

யானைக்கால் நோயின் மூலத்தைத் துலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் அந்நோய் குடிகொண்டிருந்த ஊர்களிலேயே நிகழ்ந்தன. 1866ஆம் ஆண்டில் பிரேசிலில் வூச்சரர் என்பார் நோயாளியின் சிறுநீரில் நுண்புழுவைக் கண்டார். 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் அதனைக் குருதியிலே கண்டார். 1876இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பாங்க்ரொஃப்ட் தாய்ப்புழுவைக் கண்டார். மறு ஆண்டு சீனத்தின் அமோய்த் துறைமுகத்தில், நோயுற்ற ஒருவரின் குருதியைப் பருகிய நுளம்பினுள் அப்புழு வளர்வதை மான்சன் கண்டார். அது இரவிலேயே குருதியில் மிகுதியாக உலவும் என்பதையும் அவரே பின்னர் அறிவித்தார்.

அவ்வறிவின் பயனை இலங்கையும் பெற்றது. 1947இல் இங்கு யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் தோன்றியது. ஊழியர் இரவிற் சென்று மக்களின் விரல்நுனிக் குருதியைச் சோதித்தனர். 2002 முதல் 2006 வரை, நோய் பரவியிருந்த மாவட்டங்களில் ஆண்டுதோறும் மருந்து வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்றும் இந்நோய் இலங்கையில் நீங்கிற்று என 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

எனினும், நீங்கியது நோயின் பெருக்கமேயன்றி நுளம்பு அன்று. நலமாய்த் தோன்றுவோரின் குருதியிலும் புழு இருத்தல் கூடும். ஆதலால், இரவிற் கதவைத் தட்டும் ஊழியரிடம் விரலை நீட்டுபவரும் அவ்வாராய்ச்சியின் பங்காளரே.