கல்லாகும் நீர்



கல்லைத் திண்மைக்கும் நீரை நெகிழ்ச்சிக்கும் உவமையாக்குதல் புலவர்தம் நெடுநாள் வழக்கம். அந்த உவமைக்கு அடங்காத மலைச்சரிவு ஒன்று துருக்கி நாட்டின் தென்மேற்கில், தெனிஸ்லி நகருக்கு அருகில் இருக்கின்றது. பமுக்காலே என்பது அதன் பெயர். ‘பமுக்’ என்றால் பஞ்சு. ‘காலே’ என்றால் கோட்டை.

சமவெளியில் நின்று நோக்குவார்க்கு அது பனி மூடிய மலையாகவே தோன்றும். ஏறத்தாழ 200 மீட்டர் உயரச் சரிவு முழுவதும் வெண்மை. அதனிடையே அடுக்கடுக்காய் விளிம்பு கட்டிய சிறு குளங்கள். அவற்றில் வெளிர்நீல நீர். வெண்படிவில் கால் வைக்குமுன் காலணியைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. கோயில் வாயிலை நினைவூட்டினாலும் அவ்விதிக்குச் சமயக் காரணம் ஏதுமில்லை. செருப்பு படிவைத் தேய்த்துவிடும் என்பதே காரணம். வெறுங்காலோடு நடப்பவர்க்குக் கண்ணும் பெயரும் ஒருசேரப் பொய்த்துப் போகின்றன. பனியெனக் கண்டது வெதுவெதுப்பாக இருக்கின்றது; பஞ்செனக் கேட்டது உள்ளங்காலை உறுத்துகின்றது.

இவ்விந்தையின் விளக்கம் நம் அடுப்படியிலேயே உண்டு. உவர்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் நாளடைவில் வெள்ளையாகப் படிகின்றதே, அதே சுண்ணம்தான். மண்ணுக்கடியில் கரியமிலவாயு கலந்த வெந்நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு, சுமார் 35 பாகை வெப்பத்தில் மேலே வருகின்றது. காற்றுப் பட்டதும் வாயு பிரிந்துவிடுகின்றது. அதன்பின் சுண்ணத்தைக் கரைத்துவைக்கும் ஆற்றல் நீருக்கு இல்லை. முதலில் கூழ்போல் மெத்தென்று படிந்து, உலர்ந்தபின் இறுகுகின்றது. ஆக, அம்மலையின் கல் என்றோ தோன்றி முடிந்துபோன பொருளன்று, இன்றும் தோன்றிக்கொண்டிருப்பது.

பண்டையோர் இதனை அறிந்திருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டு உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ், இவ்வூரார் தோட்டங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டி இந்நீரைப் பாய்ச்சுவர் என்றும், ஓராண்டில் அது கல்வேலியாகிவிடும் என்றும் எழுதியுள்ளார். வேலிக்குக் கல் சுமக்காமல் நீரையே சுமக்கவைத்த உழவரின் கற்பனை எந்தக் கவிஞரின் கற்பனைக்கும் குறைந்ததன்று.

சரிவின் உச்சியில் இருந்த நகரம் ஹியராபோலிஸ். மெய்யியலறிஞர் எபிக்டெட்டஸ் அங்கே அடிமையாய்ப் பிறந்தவர். ‘பெறப்பட்டவன்’ என்பதே அப்பெயரின் பொருள். ஒரு சரக்குக்கு இடும் பெயர்! நோய் தீர நீராட வந்தோர் பலர். தீராமல் அங்கேயே அடங்கியோரும் உண்டு. நகரையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை வெண்படிவு சூழ்ந்து பாதியளவு விழுங்கிவிட்டது. கல்லறை கட்டியவர் கல்லை நிலையானதென நம்பினார். அக்கல்லின்மேல் நீர் மெல்ல மெல்ல வேறொரு கல்லறை எழுப்பிக்கொண்டிருக்கின்றது.

இத்தகைய மலையைக் கெடுத்தவர்கள் பகைவரல்லர். அதன் அழகைக் காண வந்தவர்களும் அவர்களுக்கு இடமளித்தவர்களுமே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உச்சியிலேயே தங்கும் விடுதிகள் எழுந்தன. ஊற்றுநீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குத் திருப்பப்பட்டது. கழிவுநீர் சரிவில் இறங்கியது. வெண்படிவின் குறுக்கே சாலையும் போடப்பட்டது. வெண்மை பழுப்பாயிற்று. 1988-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. பின்னர் விடுதிகள் இடிக்கப்பட்டன. சாலை மூடப்பட்டு, அதன்மேல் செயற்கைக் குளங்கள் அமைக்கப்பட்டன. இயற்கையின் கைவண்ணம் என்று பயணிகள் போற்றிப் படம்பிடிக்கும் குளங்கள் சில அப்பழைய சாலையின்மேல் அமைந்தவை.

இன்று அங்கே நீர் முறைவைத்தே விடப்படுகின்றது, நம் ஏரிப் பாசனத்தைப் போல. ஒரு பகுதி நனையும்போது மற்றொரு பகுதி வெயிலில் காய்கின்றது. ஓயாமல் நீர் நின்றால் பாசி பிடித்துக் கறுக்கும். நீரே வராவிட்டால் புதுப்படிவு தோன்றாது. நெடுந்தொலைவு பயணம் செய்து வருவோர், படங்களில் கண்ட நீலக் குளங்கள் வறண்டு கிடப்பதைக் கண்டு ஏமாற்றம் அடைகின்றனர். சிலர் சினமும் கொள்கின்றனர். அவர்கள் முகம் சுளித்துக் கடந்துபோகும் அந்த வறண்ட குளங்களில்தான், சில நாள்களுக்கு முன் ஓடிய நீர் கல்லாக இறுகிக்கொண்டிருக்கின்றது.