பிள்ளைகளும் சிலம்பப் பயிற்சியும்

(நம் சங்கத்தின் வள்ளூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணாக்கருட் சிலர் ஓரிடத்தில் இருப்பதில்லை. சிறு சொல்லுக்கும் கை நீட்டுவர். வேறு சிலர் எவரோடும் பேசாது மூலையில் ஒடுங்குவர். அனல்மின் நிலையமுள்ள இவ்வள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களிலும், தந்தையார் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்கும் வீடுகள் பல. அங்கே பிள்ளையின் மனத்தை அறிய எவருக்குப் பொழுதுண்டு?

இத்தகைய பிள்ளைகளுக்கு நம் சங்கத்தார் மாலையிற் சிலம்பம் கற்பிக்க எண்ணியுள்ளனர். “முரடனுக்குக் கோல் கொடுப்பது குரங்கின் கையிற் கொள்ளி கொடுப்பதன்றோ?” என்று அன்பர் ஒருவர் வினவினார். தக்க வினாவே. விடை கற்பிக்கும் முறையில் இருக்கின்றது.

இதனைச் சோதித்தறிந்தாரும் உளர். அமெரிக்காவில் திரல்சன் என்பார், குற்றப்போக்குடைய 13 முதல் 17 வயது வரையுள்ள இளைஞர் 34 பேரை மூன்று குழுவாக்கி ஆறு திங்கள் பயிற்றி, 1986-இல் முடிவை வெளியிட்டார். கொரிய நாட்டு டேக்வாண்டோவைத் தியானம், நல்லுரை என்பவற்றோடு கற்றவர்க்குச் சீற்றமும் கலக்கமும் தணிந்தன. அடித்தலும் தற்காத்தலும் மட்டும் கற்றவர்க்கோ முரட்டுத்தனம் முன்னினும் மிகுந்தது! 34 பேர் சிறு தொகையே. அதனை முடிந்த முடிபாகக் கொள்ளேன். எனினும் 2005-இல் வெளிவந்த நார்வே ஆய்வொன்றும், குத்துச்சண்டை, மற்போர் முதலியன பயின்ற சிறுவரிடம் வன்செயல் மிகுந்ததென்றே கூறுகின்றது. கலை தானே பிள்ளையைத் திருத்திவிடும் என்பார் இவற்றை நோக்குவாராக.

நிற்க. நம் பழைய ஆசான்மார் எடுத்தவுடன் கோலைத் தருவதில்லை. வணக்கமும் காலடியும் முதலில், கோல் பின்னரே. ஓரிடத்து இராத பிள்ளையை “அசையாதே” என்பதினும் இது நன்று. அவன் அசையலாம், ஆனால் கணக்குத் தப்பாமல் அசைதல் வேண்டும். எதிர் நிற்குங்கால், ஓங்கிய கோலைத் தோழன் மேற் படாது நிறுத்தப் பழகுகின்றான். ஒடுங்கிய பிள்ளைக்கும், வாய் திறவாமலே பிறரோடு கூடி நிற்க ஓர் இடம் கிடைக்கின்றது.

ஆதலின், பரிசுக் கோப்பையையே கருதும் ஆசானை விடுத்துப் பொறுமையுடையவரை அமர்த்துக. பள்ளியிற் பிழை செய்தான் என்று ஒருவனைப் பயிற்சியினின்று விலக்கற்க. தண்டனையாக அங்கு அனுப்பவும் வேண்டா. பெண்மக்களையும் சேர்த்துக்கொள்க. உண்ணாமல், உறங்காமல், சாவைப் பற்றிப் பேசும் பிள்ளைக்குச் சிலம்பம் போதாது; உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மத்திய அரசாங்கத்தாரின் 14416 என்னும் மனநலத் தொலைபேசி இரவும் பகலும் இயங்குகின்றது.

கோல் வாங்குவோர்க்கு ஒரு சொல்: அது பிள்ளையின் நெற்றியளவு இருத்தல் மரபு. பெரியவர் கோல்களை மொத்தமாக வாங்கிவிடாமல், முதலிற் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள்.