படகின் தக்கை

தோட்டத்து மக்களாகிய நமக்குப் படகு எதற்கு என்று சிலர் கேட்கலாம். செபராங் பிறையில் மூடா ஆற்றை ஒட்டி வாழ்கிறவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2003 அக்டோபரில் அந்த ஆறு கரை கடந்தது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது பலரைப் படகில் ஏற்றித்தான் மீட்டார்கள். வெள்ளம் இல்லாத நாளில் சிறிய அலுமினியப் படகு மீன் பிடிக்க உதவுகிறது.

அப்படகின் பின்பலகையில், அடிமட்டத்தை ஒட்டி, ஏறக்குறைய ஓர் அங்குலத் துளை ஒன்று இருக்கும். உள்ளே சேரும் நீரை வடிக்கும் துளை அது. 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள படகு திறந்தவெளியில் கிடந்தால், ஓர் அங்குல மழைக்குச் சுமார் 100 லிட்டர் நீர் சேரும். அதன் எடை 100 கிலோ. ஆகவே கரையில் தக்கையைக் கழற்றி, பின்பக்கம் தாழும்படி வைப்போம். ஏடிஸ் கொசுவுக்கும் இடமிராது. ஆனால் தக்கை இல்லாமல் படகை இறக்கிவிட்டால்? துளை நீர்மட்டத்திற்கு அரையடி கீழே இருந்தால் நிமிடத்திற்குச் சுமார் 30 லிட்டர் உள்ளே வரும். கிட்டத்தட்ட இரண்டு மண்ணெண்ணெய் டின்!

புதுத் தக்கை வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பளபளக்கும் பித்தளை உறுதியானது என்று எண்ணுகிறோம். மரப்படகுக்கு அது சரி. அலுமினியத்தோடு பித்தளை சேர்ந்து, உப்புநீரும் பட்டால், அந்த இடம் டார்ச் லைட் பேட்டரி போல் வேலை செய்யும். கரைந்து போவது அலுமினியம். 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி இதே இயல்பை நன்மைக்குப் பயன்படுத்தினார். கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். துத்தநாகம் கரைந்தது, செம்பு பிழைத்தது. நம் படகிலோ கரைவது படகேதான். தக்கையைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். படகின் அடியில் விழுந்து கிடக்கும் 20 சென் நாணயத்திலும் செம்பு உண்டு; அதையும் பொறுக்கிவிடுங்கள்.

கடலுக்குப் போகும் படகுக்கு நைலான் பொருத்தியே நல்லது. பழைய ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, இடத்தை நன்கு உலர்த்துங்கள். வளையத்தின் அடியிலும் ஒவ்வொரு ரிவெட் துளையிலும் படகுக்கான பாலியூரித்தேன் பசையைத் தடவி, அலுமினிய ரிவெட்டால் இறுக்குங்கள். வினிகர் நெடி வீசும் சிலிக்கோன் பசை வேண்டாம். அந்தப் புளிப்பு உலோகத்தை அரிக்கும். தக்கையைக் கையால் திருகினால் போதும். குறடு போட்டால் ரப்பர் வளையம் பிதுங்கிவிடும். ரப்பர் வெயிலில் வெடிக்கும் என்பதைப் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

பசை காய்ந்தபின் படகை இரண்டு கட்டைகளின்மேல் ஏற்றி, உள்ளே நாலைந்து வாளி நீர் ஊற்றுங்கள். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு துளி கசிந்தாலும் கரையிலேயே தெரிந்துவிடும். கழற்றிய தக்கையைத் துடுப்பின் பிடியில் கயிற்றால் கட்டி வையுங்கள்; துடுப்பை எடுக்கும்போது அது கண்ணில் படும். இன்னொரு தக்கை படகிலேயே, இருக்கைக்கு அடியில் இருக்கட்டும்.