விரற்காயமும் கிருமி நாசினியும்

 

நமதூரில் விரலில் ஊசி ஏறாத டெய்லர் அரிது. ஓவர்லாக், பேட்லாக் மிஷினில் விரல் சிக்கியதும் நம் இளைஞர்கள் கீழே கிடக்கும் பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். எண்ணெயும் பஞ்சுத் தூசும் படிந்த துணி அது! முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தாலும், "சாராயமாயிற்றே, தொழ வேண்டுமே" என ஒதுக்குவோரும் நம்மில் உண்டு. இவ்விரண்டையும் பற்றியே பேச விழைகிறேன்.

'ஆன்டிசெப்சிஸ்' என்பதிலுள்ள 'செப்சிஸ்' கிரேக்கத்தில் அழுகலைக் குறிக்கும். தோலிலும் காயத்திலும் உள்ள கிருமிகளைக் கொன்றோ, பெருகாமல் தடுத்தோ அழுகலைத் தவிர்ப்பதே அதன் பொருள். தரைக்கு ஊற்றும் பினாயில் இதில் சேராது.

இதன் வரலாறு நமது தொழிலுக்கு அந்நியமானதன்று. 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில், மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த பிரிவைவிட மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார்கள் காய்ச்சலால் மிகுதியாக மாண்டனர். பிணப் பரிசோதனை செய்த கையோடு அவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணமென உணர்ந்த இக்னாஸ் செம்மல்வைஸ், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுமாறு மே மாதம் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த இறப்பு ஜூனில் 2 அளவிற்கு இறங்கியது. அக்கரைசல் வேறொன்றுமில்லை; துணி வெளுக்கப் பயன்பட்டதே அந்தப் பிளீச்சிங் பவுடர், அதன் கரைசல்தான். (பட்டறைச் சரக்கை எவரும் காயத்தில் ஊற்றிவிட வேண்டாம்!) கிருமி என்றால் என்னவென்று அன்று அவருக்கும் தெரியாது. 1865-இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறி எலும்பு முறிந்த சிறுவனின் காலில் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டார். சீழ் பிடிக்காமல் ஆறு வாரங்களில் கால் கூடியது.

ஆக, ஊசி ஏறினால் முதலில் ஓடும் நீரில் சோப்பிட்டு நன்கு கழுவுங்கள். பின்னர் பொவிடோன் அயோடின் தடவி, சுத்தமான துணியால் கட்டுங்கள். ஸ்பிரிட் சுற்றியுள்ள தோலைத் துடைப்பதற்கு. காயத்தினுள் ஊற்றினால் சதையைப் புண்ணாக்கும். அதில் முப்பது விழுக்காடு நீர் கலந்திருப்பது கலப்படமன்று; நீர் சேர்ந்தால்தான் அது கிருமியை முழுமையாகக் கொல்லும். ஆழத் துளைத்த காயத்தின் அடிவரை எந்த மருந்தும் எட்டாது. ஆதலால் ரண ஜன்னித் தடுப்பூசி குறித்து அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி முறிந்திருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். சர்க்கரை நோயாளிகள் சிறு காயத்தையும் அலட்சியம் செய்யலாகாது.

இனி அந்தத் தயக்கம். 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில், காயத்தைத் துடைக்கவும் கிருமியைக் கொல்லவும் ஆல்கஹாலை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்துள்ளது. ஸ்பிரிட் பட்டதால் உளூ முறியாது. இரத்தம் வழிந்தால் முறியுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு மஸ்அலா.

உளூவுக்காகக் கட்டை அவிழ்த்துக் காயத்தை நனைப்போரையும் ஹவ்ளருகே காண்கிறேன். நனைத்தால் காயத்திற்குத் தீங்கு என்னும் நிலையில் கட்டின் மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்ய மார்க்கம் இடமளித்துள்ளது. அதன் முறையை மஃரிபுக்குப் பின் என்னிடம் கேட்டுக்கொள்ளலாம்.